மச்சு அறையில் ஒரு காற்று மீட்டர்: ஒரு வருஷம் வைத்துப் பார்த்த பிறகு

போன வருஷம் கார்த்திகையில் எங்கள் ஆச்சி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வயது 81, நிமோனியா. அதற்கு முந்தின வாரம்தான் மாடியில் என்னிடம் டியூஷன் படிக்கிற 24 பிள்ளைகளில் 11 பேருக்குத் தடுமமும் காய்ச்சலும். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் திங்கட்கிழமை மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். வியாழக்கிழமைக்குள் அவன் பக்கத்தில் இருந்தவனுக்கு மட்டுமில்லை, அறையின் மறுகோடியில் உட்கார்கிற இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் தொண்டை கட்டிவிட்டது, அப்புறம் எனக்கு, கடைசியில் கீழே பட்டாசலில், அதாவது கூடத்தில், படுத்திருக்கிற ஆச்சிக்கு. அந்தப் பதினோரு நாளும் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து நான் யோசித்தது ஒன்றே ஒன்றுதான். எது வழியாக வந்தது?

நான் கவனமில்லாமல் இருக்கவில்லை. மாடிப்படி ஏறுகிற இடத்தில் சானிடைசர் பாட்டில் இருந்தது, பிள்ளைகள் கை கழுவிவிட்டுத்தான் ஏறுவார்கள், பெஞ்சைத் தினமும் டெட்டால் தண்ணீரில் துடைத்தேன். ஆனால் ஐப்பசி அடைமழை, மேற்குச் சன்னலைத் திறந்தால் சாரல் அடித்து நோட்டெல்லாம் நனைகிறது, கிழக்குச் சன்னலைத் திறந்தால் ஆறு மணிக்குக் கொசு, அதனால் எல்லாவற்றையும் சாத்திவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினேன்.

என் தம்பி மகன் பொறியியல் படிக்கிறான். ஆச்சியைப் பார்க்க வந்தவன், நான் சானிடைசர் புராணம் பாடியதைக் கேட்டுவிட்டு, "அத்தை, கையை நல்லாத்தான் கழுவுறீங்க, காத்தை என்ன செய்யுதீங்க?" என்று கேட்டான். அங்கிருந்துதான் இந்த மீட்டர் வாங்குகிற யோசனையே வந்தது. இப்போது ஒரு முழு வருஷம், கோடை, ஆடிக் காற்று, திரும்பவும் ஐப்பசி கார்த்திகை எல்லாம் பார்த்தாகிவிட்டது. பாளையங்கோட்டையில் எனக்குத் தெரிந்த டியூஷன் மிஸ்மார் பலரும் கேட்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதிவிடலாம் என்றுதான்.

முதலில் இது என்ன சாமான் என்று சொல்லிவிடுகிறேன். கையடக்கமான ஒரு சின்னப் பெட்டி, உள்ளங்கையில் உட்கார்ந்துகொள்ளும். அறையில் இருக்கிற கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று திரையில் எண்ணாகக் காட்டும், பிபிஎம் கணக்கில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று. திறந்த வெளியில் சுமார் 420, 430 இருக்கும். நாம் வெளியே விடுகிற மூச்சில் ஏறக்குறைய 40,000. ஆகவே அறைக்குள் எண் ஏறுகிறது என்றால் அது அங்கே இருப்பவர்கள் விட்ட மூச்சு வெளியே போகாமல் தேங்குகிறது என்று அர்த்தம். கிருமியை இந்தப் பெட்டி பார்க்காது. ஆனால் ஃப்ளூ, கொரோனா, தட்டம்மை, காசநோய் எல்லாமே நோய்வாய்ப்பட்டவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வருகிற துகள்களில்தான் வெளியே வருகின்றன, அதில் சின்னத் துகள்கள் பீடிப்புகை மாதிரி அறையில் மிதந்துகொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கையில், பெரிய துளி, சின்னத் துளி என்று கோடு போட்டுப் பிரிக்கிற பழைய கணக்கை விட்டுவிட்டு, இவற்றையெல்லாம் காற்று வழியாகப் பரவுகிறவை என்றே ஒரு பெயருக்குள் கொண்டு வந்தது. மறுகோடியில் உட்கார்ந்த அந்த இரண்டு பிள்ளைகளுக்கு எப்படி வந்தது என்பது எனக்கு அதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

வாங்கின கதையில் ஒரு நஷ்டம் உண்டு, அதைச் சொல்லியே ஆக வேண்டும். முதலில் ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். ஏழெட்டு விதமான எண்கள் வண்ண வண்ணமாகக் காட்டியது, பார்க்க அழகு. வந்த அன்றைக்கே சந்தேகம், சன்னல் எல்லாம் திறந்திருக்க, நான் ஒருத்தி மட்டும் இருக்கிற அறையில் 1,800 காட்டுகிறது, ஏன் என்று பார்த்தால் பக்கத்தில் இப்போதுதான் சானிடைசர் தடவிய என் கை. திரும்பவும் ஒரு சொட்டு சானிடைசரைப் பஞ்சில் நனைத்துப் பக்கத்தில் வைத்தேன், சரசரவென்று மூவாயிரத்துக்கு ஏறிவிட்டது. சானிடைசரில் இருப்பது ஆல்கஹால், கார்பன் டை ஆக்சைடு இல்லை. இந்த மாதிரி மலிவு மீட்டர்களில் உண்மையான சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு, சென்சார் கிடையாது, ஏதாவது ஆவி வாசனை வந்தால் அதை வைத்து இவ்வளவு இருக்கும் என்று உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிடும். சாம்பிராணி போட்டாலும் ஏறும், தலைக்கு வாசனை எண்ணெய் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தாலும் ஏறும். திருப்பி அனுப்பப் பார்த்தேன், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான், அதனால் நீங்கள் வாங்கினால் கையில் வந்ததும் முதல் வேலையாக இந்தச் சானிடைசர் சோதனையைச் செய்யுங்கள், விளக்கத்தில் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் அளக்கிற முறை) என்றோ, சென்சார் பெயரோ போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவதாக வாங்கினது 5,200 ரூபாய். உள்ளே சென்சிரியான் நிறுவனத்தின் எஸ்சிடி41 சென்சார் என்று போட்டிருந்தது, அகச்சிவப்பு ஒளியைக் கொண்டு கார்பன் டை ஆக்சைடை நேராக அளக்கிறது, 5,000 பிபிஎம் வரை. சானிடைசர் பஞ்சுக்கு அசையவே இல்லை. லாட்வியாவில் செய்கிற அரானெட்4 தான் இந்த வகையில் எல்லோரும் சொல்கிற நல்ல மீட்டர், தம்பி மகன் அதைத்தான் முதலில் காட்டினான், ஆனால் அதன் விலை டியூஷன் நடத்துகிறவள் கைக்கு எட்டுகிற விலை இல்லை.

சரி, முதல் நாள் சாயங்காலம். மார்கழி பிறக்கிற சமயம், லேசான தூறல், வேண்டுமென்றே போன மாதம் செய்த மாதிரியே சன்னல் எல்லாம் சாத்தி, கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டேன். என் அறை 20 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி. மீட்டரைச் சன்னல் ஓரத்தில் வைக்காமல், யார் மூச்சும் நேராகப் படாத மாதிரி, பிள்ளைகள் உட்கார்ந்தால் தலை உயரத்துக்கு வருகிற அலமாரித் தட்டில் வைத்தேன். ஐந்தரைக்கு 480. கால் மணி நேரத்தில் 1,500. நாற்பத்தைந்தாவது நிமிஷம் 2,900. எனக்கு நெஞ்சு திக்கென்றது. தம்பி மகன் ஒரு கணக்குச் சொன்னான், வெளிக்காற்றை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ அதை 40,000ஆல் வகுத்தால் நாம் இழுக்கிற மூச்சில் எத்தனை பங்கு ஏற்கெனவே அந்த அறையில் யாரோ விட்ட மூச்சு என்று தெரிந்துவிடும். 2,900க்குப் போட்டால் பதினாறு மூச்சில் ஒரு மூச்சு. அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகள் ஒருவர் விட்டதை இன்னொருவர் இழுத்துக்கொண்டுதான் திரிகோணமிதி படித்திருக்கிறார்கள். கடைசி அரை மணியில் பிள்ளைகள் கொட்டாவி விடுவதும், எனக்கு மண்டையிடி வருவதும், இதுநாள்வரை அலுப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைக்கே எல்லாச் சன்னலையும் திறந்துவிட்டேன், பத்து நிமிஷத்தில் எண் மளமளவென்று இறங்கியது, காற்று இல்லாத சாயங்காலத்தில் 1,300 பக்கமாக நின்றது. எவ்வளவு இருந்தால் சரி? உலக சுகாதார நிறுவனம் 2021இல் கொடுத்த காற்றோட்ட வழிகாட்டுதலில் ஆளுக்கு நொடிக்கு 10 லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்கிறது, என் அறைக் கூட்டத்துக்கு அதை மீட்டர் எண்ணாக மாற்றினால் 900 பக்கம் வருகிறது. நான் அதையே இலக்காக வைத்துக்கொண்டேன். இந்த எண்ணைத் துரத்துவது வீண்வேலை என்று நினைப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். தைவானில் தைபே நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் காசநோய் பரவியபோது அந்தக் கட்டடத்தில் அளந்த அளவு 3,200. காற்றோட்டத்தைச் சரிசெய்து 1,000க்குக் கீழே கொண்டு வந்தார்கள். மருந்து, பரிசோதனை இவற்றின் பங்கைத் தனியாகக் கழித்துப் பார்த்த பிறகும், நோயாளிகளோடு பழகியவர்களிடையே காசநோய் 97 சதவீதம் குறைந்ததற்கும் இந்தக் காற்றோட்டத்துக்கும் தொடர்பு இருந்தது, 2020இல் வெளியான ஆய்வு சொல்கிறது. என் மச்சு அறையின் 2,900க்கும் அந்த 3,200க்கும் பெரிய தூரமில்லை.

இனிதான் இந்த மீட்டர் எனக்குச் செய்த உபகாரம். சன்னலைத் திறந்தேன், எண் இறங்கியது, சந்தோஷம். ஆனால் ஆச்சி கீழே இருக்கிறாளே, அந்தக் காற்று எங்கே போகிறது என்று ஒரு யோசனை. ஊதுபத்தி ஒன்றைப் பற்ற வைத்து மாடிப்படிக் கதவு இடுக்கில் பிடித்தேன். புகை அறைக்குள் வரவில்லை, நூல் பிடித்த மாதிரி நேராகப் படி இறங்கிக் கீழே போனது. சன்னல் வழியாக உள்ளே வருகிற காற்று 24 பேர் மூச்சையும் தள்ளிக்கொண்டு ஆச்சி கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

மறுநாள் டவுனில் ஒரு எலக்ட்ரிக்கல் கடை அண்ணாச்சியிடம் போய் 12 இஞ்சு எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டேன். "சமையக்கட்டுக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: "கதவு எந்தப் பக்கம் இருக்கு?" கதவுக்குப் பக்கத்திலேயே ஃபேனை மாட்டினால் கதவு வழியாக வருகிற காற்று அப்படியே ஃபேன் வழியாக வெளியே போய்விடும், அறையின் மறுகோடிக் காற்று நின்ற இடத்திலேயே நிற்கும். எதிர்ச்சுவரில், கூரைக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார், வெளியே யார் வீட்டுச் சன்னலும் இல்லாத பக்கமாகப் பார்த்து. ஃபேன், ஷட்டர், சுவர் உடைத்த கூலி எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது. மாட்டி முடித்ததும் திரும்பவும் பத்தியைப் பிடித்தேன். இந்தத் தடவை புகை படியிலிருந்து மேலே ஏறி, அறைக்குள் நுழைந்து, பிள்ளைகள் தலைக்கு மேலே போய், ஃபேனுக்குள் போய்விட்டது. கீழே இருக்கிற காற்று மேலே வருகிறது, மேலே இருக்கிறது கீழே போவதில்லை. எண் 850க்கும் 950க்கும் நடுவில். அந்தக் கணக்கை இதற்குப் போட்டால் சுமார் எண்பது மூச்சு இழுத்தால்தான் ஒன்று இன்னொருவருடையது. ஒரு எச்சரிக்கை, ஃபேன் ஓடும்போது கதவையும் எதிர்ச் சன்னலையும் சாத்தினால் பிரயோஜனம் இல்லை, காற்று உள்ளே வர வழி இருந்தால்தான் வெளியே போகும். கரண்ட் போனால் நின்றுவிடுகிறது என்று இன்வெர்ட்டர் லைனிலும் கொடுத்துவிட்டேன், பெரிய கரண்டு எதுவும் இழுப்பதில்லை.

கொசுவுக்கு வெல்க்ரோ வலை அடித்தேன். கொசுவர்த்திச் சுருள் வேண்டாம், மூச்சுக்காக இவ்வளவு செய்துவிட்டு அந்தப் புகையை உள்ளே விடுவதில் அர்த்தமில்லை. ஆனால் பங்குனி வாக்கில் எண் மெல்ல மெல்ல ஏறி 1,200, 1,250 என்று காட்ட ஆரம்பித்தது, நான் மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பிறகு வலையை விரலால் தடவிப் பார்த்தால் கண் எல்லாம் செம்மண் தூசி அடைத்துத் துணி மாதிரி இருக்கிறது. கழற்றிச் சோப்புத் தண்ணீரில் அலசி மாட்டினேன், அன்று சாயங்காலமே 950. இப்போது மாதம் ஒரு தடவை வலை அலசுவது எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பொறுப்பு, அவர்களே நாளை எழுதி ஒட்டியிருக்கிறார்கள். சன்னலுக்கு மேலே இருக்கிற வென்டிலேட்டர் துவாரங்களையும் பாருங்கள். எங்கள் வீட்டில் புறா வருகிறது என்று யாரோ எந்தக் காலத்திலோ அட்டையைச் செருகி வைத்திருந்தார்கள், சூடான காற்று மேலேதான் நிற்கும், அது போக வேண்டிய வழியே அடைத்துக் கிடந்தது.

ஆனி, ஆடியில் இந்தப் பாடெல்லாம் இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்றுக்கு ஒரு சன்னல் பாதி திறந்தால் போதும், 620. நோட்டுப் பறக்கிறது என்று ஆளுக்கொரு கூழாங்கல் வைத்துக்கொண்டார்கள். நம் ஊருக்குச் சாமி கொடுத்த காற்று அது, அதைப் போய்ச் சாத்துகிறோம்.

"ஏசி போடுங்க மிஸ், பிள்ளைக அவிச்சல்ல உக்காந்திருக்கு" என்று இரண்டு அம்மாக்கள் கோடையில் கேட்டார்கள், அவர்கள் கேட்டது நியாயம், சித்திரையில் மாடி அறை கொதிக்கும். ஆனால் ஸ்ப்ளிட் ஏசி வெளியிலிருந்து ஒரு துளி காற்றும் கொண்டு வராது, உள்ளே இருப்பதையே குளிர வைத்துத் திரும்ப அனுப்பும், குளிர் போகாமலிருக்க எல்லாவற்றையும் சாத்த வேண்டும், அப்போது திரும்பவும் 2,900. சீலிங் ஃபேனும் அப்படித்தான், கலக்கும், மாற்றாது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், வெள்ளைப் பெயின்ட் அடித்து, வகுப்பை அரை மணி தள்ளி ஆறு மணிக்கு வைத்துச் சமாளித்தோம்.

ஏர் ப்யூரிஃபையர் பற்றியும் கேட்கிறார்கள். ஒன்று வாங்கி மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறேன். இதில் ஒரு விஷயம் குழம்ப வேண்டாம், ப்யூரிஃபையர் ஓடினாலும் சிஓ2 எண் இறங்காது, ஏனென்றால் ஹெப்பா ஃபில்டர் துகளைத்தான் பிடிக்கும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தை, வாயுவைப் பிடிக்காது. ஆகவே அது செய்கிற நன்மை இந்த மீட்டரில் தெரியாது, அதற்காக அது வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வாங்கும்போது சிஏடிஆர் என்று போட்டிருக்கிற எண்ணைப் பாருங்கள், மணிக்கு எத்தனை கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்பது அது. என்னுடையது 300, என் அறை 68 கன மீட்டர், ஆக அறைக் காற்று முழுவதும் மணிக்கு ஏறக்குறைய நாலரைத் தடவை சுத்தமாகும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2023இல் சொன்னது மணிக்கு ஐந்து தடவை, ஆகவே சன்னலோடு சேர்ந்தால் தாராளம், தனியாகப் போதாது. அந்த 300ம் வேகம் கூட்டி வைத்தால்தான், அப்போது போடுகிற சத்தத்தில் கடைசி பெஞ்சுக்கு நான் சொல்வது கேட்கவில்லை. சத்தமில்லாத ஸ்லீப் மோடில் வைத்தால் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். 2020இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கோர்சி, ஜிம் ரோசென்தல் இருவர் யோசனையில் வந்த பெட்டி ஃபேன் வடிகட்டியைச் செய்து தருகிறேன் என்று தம்பி மகன் கிளம்பினான், நாலு ஃபில்டரைப் பெட்டியாக ஒட்டி மேலே ஒரு ஃபேன், அவ்வளவுதான், விலையும் குறைவு. ஆனால் அதற்கு வேண்டிய மெர்வ்-13 என்கிற, சின்னத் துகளையும் பிடிக்கிற தரத்து ஃபில்டர் நெல்லையில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

மீட்டரைத் தூக்கிக்கொண்டு சில இடங்களுக்குப் போனேன். மழை நாளில் பாளை பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்பை போகிற பஸ், ஷட்டர் எல்லாம் இறக்கி, நிற்கிற கூட்டம்: சேரன்மகாதேவி தாண்டும்போது 3,100. ஷட்டரை ஒரு ஜாண் தூக்கினேன், பக்கத்தில் இருந்த அண்ணாச்சியும் தன் ஷட்டரைத் தூக்கினார், கல்லிடைக்குறிச்சி வருவதற்குள் 1,400. அந்தப் பஸ்ஸில் நான் என்95 போட்டிருந்தேன், பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் என் கையில் சன்னல் இல்லாத இடங்கள், அங்கே முகக்கவசம்தான் வழி. துணி மாஸ்க் இல்லை, மூக்குக் கம்பி பதிந்து ஓரம் இடைவெளியில்லாமல் உட்காருகிற என்95, அல்லது இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 9473, எஃப்எஃப்பி2 என்று முத்திரை போட்டது.

ஆச்சியின் பிறந்த வீடு கல்லிடைக்குறிச்சியில். தார்சா என்கிற முன் தாழ்வாரம், பட்டாசல், நடுவில் முற்றம், ரெண்டாங்கட்டு என்று நீளமான பழைய வீடு. தை மாதம் ஒரு விசேஷத்துக்குப் பட்டாசலில் முப்பது பேர் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம், ஃபேன்கூடச் சுற்றவில்லை, மீட்டர் காட்டியது 640. முற்றம் வழியாகச் சூடு மேலே போகிறது, தார்சாக் கதவு வழியாகக் குளிர்ந்தது உள்ளே வருகிறது. பெரு நாட்டில் லிமா நகரத்து ஆஸ்பத்திரிகளில் அளந்து 2007இல் வெளியிட்டார்கள், உயரக் கூரையும் பெரிய சன்னலும் உள்ள பழைய கட்டடங்களில்தான் காற்று அதிகம் மாறியது, யந்திரக் காற்றோட்டம் வைத்த புது அறைகளை விட. அதைப் படித்தபோது எனக்கு இந்தப் பட்டாசல்தான் ஞாபகம் வந்தது.

இதே கண்ணோடு என் மகன் படிக்கிற பள்ளிக்கூடத்தைப் பார்த்தேன். வகுப்பு டீச்சர் நல்ல மனுஷி, ஒரு நாள் மீட்டரை அலமாரியில் வைத்துக்கொண்டார். அங்கே ஓட்டுக்கூரை போட்ட பழைய வகுப்பறை ஒன்று, மரச்சன்னல், இரண்டு கதவும் முழுசாகத் திறக்கும்: 700. பக்கத்திலேயே புதுக் கட்டடம், அலுமினிய ஸ்லைடிங் சன்னல். எவ்வளவுதான் திறந்தாலும் பாதிதான் திறக்கும், ஒரு கண்ணாடி இன்னொன்றின் மேல் நகர்ந்துகொள்கிறது, மற்றப் பாதி எப்போதும் அடைப்புத்தான்: 1,900. 48 பிள்ளைகள். புதுசாகப் பள்ளிக்கூடமோ வீடோ கட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை யோசியுங்கள், அழகுக்காகப் பாதிக் காற்றை இழக்கிறீர்கள். டீச்சர் அந்த எண்ணைத் தலைமையாசிரியரிடம் காட்டியிருக்கிறார், இப்போது அந்த வகுப்பில் இடைவேளை விடும்போதெல்லாம் பிள்ளைகள் வெளியே போக, சன்னல், கதவு எல்லாம் திறந்து பத்து நிமிஷம் விடுகிறார்கள். வாதாடவே வேண்டியிருக்கவில்லை. மீட்டரில் எனக்குப் பிடித்ததே இதுதான், "குளிருது, சாத்து", "புழுங்குது, திற" என்று ஆளுக்கொன்று சொல்கிற இடத்தில் எண் ஒன்று இருக்கும்போது பேச்சு முடிந்துவிடுகிறது. என் டியூஷனில் 1,000 தாண்டினால் நான் சொல்வதற்கு முன்னாலேயே ஒரு பிள்ளை எழுந்து போய்க் கதவைத் திறக்கிறது.

குறைகள் உண்டு. பேட்டரி பத்து மணி நேரம்கூட நிற்பதில்லை, தினமும் சார்ஜ் போட வேண்டும். எண் உடனே மாறாது, ஒன்றரை நிமிஷம் பின்னால்தான் வரும். திரைக்கு நேரே ஊதிப் பார்க்காத பிள்ளையே கிடையாது, ஊதினால் 5,000 போய்த் திரும்ப இறங்க நேரம் ஆகும். ஆயிரத்தைத் தாண்டியதும் போடுகிற பீப் சத்தம் பாடத்தைக் கெடுக்கும், முதல் நாளே அணைத்துவிட்டேன். முக்கியமான குறை, இது தன்னைத்தானே சரிசெய்துகொள்கிற மீட்டர், வாரத்துக்கு ஒரு தடவையாவது வெளிக்காற்றைப் பார்த்தால்தான் அதன் கணக்கு ஒழுங்காக இருக்கும். எப்போதும் அடைத்த அறையிலேயே வைத்திருந்தால் அங்கே இருக்கிற குறைந்த எண்ணையே வெளிக்காற்று என்று எடுத்துக்கொண்டு குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டட்டியில் வெயில் படாத இடத்தில் சில மணி நேரம் வைக்கிறேன். இன்னொன்று, எண் நன்றாக இருக்கிறது என்று இருமுகிற பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு முகத்துக்கு முகம் உட்கார வைக்க முடியாது. அவ்வளவு பக்கத்தில் எந்தக் காற்றோட்டமும் காப்பாற்றாது.

அதனால் மீட்டரோடு இன்னும் இரண்டு காரியம் செய்தேன். முழு வருகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பேனாப் பரிசை நிறுத்திவிட்டேன், அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடு வந்த பிள்ளைகள் எத்தனை என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தடுமம் வந்தால் வீட்டில் இரு, நோட்டைப் போட்டோ எடுத்து நான் அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், ஆரம்பத்தில் பெற்றோர் தயங்கினார்கள், இப்போது அவர்களே போன் போட்டுச் சொல்லிவிடுகிறார்கள். ஆச்சிக்கு டாக்டர் சொன்னபடி ஃப்ளூ ஊசி புரட்டாசியிலேயே போட்டாயிற்று. கை கழுவுவதையும் விடவில்லை, வயிற்றுப்போக்குக்கு அது பெரிய காவல்.

பலன் என்ன? என் வருகைப் பதிவேடு சொல்வதைச் சொல்கிறேன். போன வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் மோசமான வாரத்தில் 11 பேர் வரவில்லை. இந்த வருஷம் அதே இரண்டு மாதத்தில் மோசமான வாரத்தில் 3 பேர். ஒரு அறை, ஒரு வருஷம், இதை ஆய்வு என்று சொல்ல மாட்டேன். ஆச்சிக்கு இந்த மழைக்காலம் இரண்டு நாள் லேசான தடுமம், நொச்சி இலை போட்டு வேது பிடித்தாள், எழுந்துவிட்டாள்.

மீட்டருக்கு ஐந்துக்கு நாலு கொடுப்பேன், பேட்டரிக்காக ஒன்று கழித்து. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு முழு மதிப்பெண். கையில் ஐயாயிரம்தான் இருக்கிறது, எதை முதலில் வாங்க என்று கேட்டால், ஃபேனை வாங்குங்கள், மீட்டரை நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விட்டுக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் இப்போது மூன்று டியூஷன் மிஸ்மார் அப்படித்தான் என்னுடையதை வாங்கிப் போய் வைத்துக்கொள்கிறார்கள். வரும் திங்கட்கிழமை ஆசாரி வருகிறார், வென்டிலேட்டரில் அட்டைக்குப் பதிலாகப் புறா நுழையாத மாதிரி கம்பி வலை அடிக்க வேண்டும். அடித்த பிறகு சன்னல் சாத்திய மழை நாளில் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே சேர்க்கிறேன்.